பாக்ஸிங் தெரிந்த மருமகள்

எனக்குக் கல்யாணம் பேசியபோது ஒரு தவறு நடந்தது. அதைத் திருத்த ஒன்பது வருடம் ஆனது.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். விருதுநகரில் எங்கள் வீடு சின்னது. வந்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றார்கள். நான் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் தரகர் என் பெருமைகளை அடுக்க ஆரம்பித்தார். பி.காம். முடித்திருக்கிறது, நன்றாகச் சமைக்கும், கம்ப்யூட்டர் தெரியும் என்றார். அதற்குமேல் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், "காலேஜுல பாக்ஸிங்கெல்லாம் பண்ணிருக்கு" என்றும் சொல்லிவிட்டார். உள்ளே என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆளை அடிக்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவளுடைய பல நாள் கவலை.

ஆனால் என் மாமியாராக வரப்போகிறவரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாக்ஸிங்கா, எந்தக் கம்பெனியில?" என்று கேட்டார்.

சிவகாசிப் பக்கம் பாக்ஸ் என்றால் அட்டைப் பெட்டிதான். வெடிக்குப் பெட்டி, மத்தாப்புக்குப் பெட்டி, தீபாவளிக்கு எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கிய கிப்ட் பாக்ஸ். படிக்கிற காலத்திலேயே சீசனுக்குப் பெட்டி ஒட்டி வீட்டுக்கு உதவிய பிள்ளை என்று அவர் எடுத்துக்கொண்டார். என் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரெண்டு மூணு எடத்துல பண்ணிருக்கா" என்று வாசல்வரை போய்ச் சொன்னாள். அது பொய்யும் இல்லை. மதுரையிலும் திருநெல்வேலியிலும் கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டிகளில் குத்தியிருக்கிறேன். வெள்ளிப் பதக்கம் ஒன்று உண்டு. "கை வேகமா ஓடுமா?" என்று அவர் கேட்க, "அதெல்லாம் நல்லா ஓடும்" என்றாள் அம்மா. அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணமான முதல் வாரத்தில் என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாட்ட மட்டும் சொல்லிறாத, பயந்துருவாக" என்றார். அதன்பிறகு அவரும் மறந்துபோனார். பதக்கத்தைச் சூட்கேஸில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். நானும் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுதான் பொய். தெருவில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "மருமக கல்யாணத்துக்கு முந்தி பாக்ஸ் ஒட்டுனவ" என்பார் மாமியார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். பெட்டி ஒட்டுவது ஒன்றும் கேவலமில்லை, அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு போட்டது. ஆனால் நான் செய்யாத வேலை அது. நான் செய்த ஒன்றை இந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்து ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். இவள் பாக்ஸர் என்று யாராவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

போன வருடம் தீபாவளி முடிந்த வாரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் புதிது வாங்கிவிட்டதால் பழையதை இவருக்குக் கொடுத்திருந்தார்கள். டி.வி.யில் மாட்டினார். கையில் பிடிக்கிற சாதனம் இரண்டு இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கும் ரிமோட் என்றே பெயர் வைத்தோம். உள்ளே கார் பந்தயம் இருந்தது, கால்பந்து இருந்தது. மூன்றாவதாகப் பாக்ஸிங் இருந்தது.

அதைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். பொம்மைச் சண்டை இல்லை அது. பெண்களும் இருந்தார்கள். குத்தினால் கன்னம் அதிர்ந்தது, தலையிலிருந்து வேர்வை தெறித்தது. கண்டபடி குத்தினால் மூச்சு வாங்கி, கை தானாகக் கீழே இறங்கியது. புருவம் கிழிந்தால் அடுத்த ரவுண்டில் அந்தக் கண் வீங்கியிருந்தது. மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த ஸ்டூலை எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் முடிந்து அதிலிருந்து எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்றும் தெரியும். சரி, நமக்கு நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இதில் எல்லாரையும் ஜெயித்துவிட்டு, எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்கும்போது சாவகாசமாகச் சொல்லலாம் என்று மனதுக்குள் வசனம்கூடத் தயார் செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரை முதல் நாளே இரண்டு முறை படுக்க வைத்தேன். "என்ன, இந்தப் போடு போடுற" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மதினி உள்ளே வந்தார்.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த தெருவில் வீடு. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடமாகச் சரம் பின்னுகிறார். வெடிகளின் திரிகளை வரிசையாக நூலில் கோத்து முடிகிற வேலை. அவருடைய வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மகள் மதுரையில் ஹாஸ்டலில் படிக்கிறாள். தீபாவளி முடிந்தால் கம்பெனிகளை ஒரு மாதம்போல அடைத்துவிடுவார்கள். அந்த மாதம் மதினிக்குப் பொழுது போகாது. எங்கள் வீட்டுக்கு வந்து கதவோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார். உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் வரமாட்டார். யாராவது வாசற்படியில் பையையோ செருப்பையோ போட்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. "வாசல மறிக்காத" என்று என் மகளை அதட்டுவார்.

"எனக்கும் ஒண்ணு குடுலே" என்று தம்பியிடமிருந்து ரிமோட்டை வாங்கினார். எந்தப் பொத்தானை அமுக்கினால் இடது கை, எதை அமுக்கினால் வலது கை என்று கேட்டுக்கொண்டார். ஆட்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, குட்டையாக, தோள் அகன்ற ஒருத்தியைப் பிடித்தார். "இவ எங்க கம்பெனியில லோடு தூக்குற அக்கா கணக்கா இருக்கா, இவ போதும்" என்றார். நான் உயரமான ஒருத்தியை எடுத்தேன். பாவம், ஒரு ரவுண்டாவது நிற்க விடலாம் என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

மூன்றாவது ரவுண்டில் என் ஆள் கீழே கிடந்தாள்.

தற்செயல் என்று நினைத்து இன்னொன்று ஆடினேன். அதிலும் தோற்றேன். எனக்குப் பாக்ஸிங் தெரிந்ததுதான் தொந்தரவு. திரையில் குத்து வந்தால் இங்கே உட்கார்ந்திருக்கும் என் தலை சாய்ந்தது. தோள் போனது, கால் பெருவிரல் தரையை அழுத்தியது. கட்டைவிரல் மட்டும் ஒரு கணம் பிந்தியது. எங்கள் கோச் ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்கில் மூச்சை விடச் சொல்வார். அடிவயிற்றிலிருந்து ஸ்ஸ் என்று வர வேண்டும். அது வராவிட்டால் குத்தில் கனம் இருக்காது என்பார். அந்த மூச்சு தொண்டைவரை வந்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்ததால் கூச்சப்பட்டு விழுங்கிவிட்டேன்.

மதினிக்கு இந்த இம்சை ஒன்றும் இல்லை. நீட்டிய கால் நீட்டியபடி இருந்தது. விரல்களைப் பார்க்கவே இல்லை. இருபது வருடமாக விரலைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே பின்னிப் பழகிய கை. என் ஆள் விட்ட பத்துக் குத்துக்கு அவர் ஆள் ஒன்று விட்டாள். எனக்கு மூச்சு வாங்கும்வரை பின்வாங்கிப் பின்வாங்கிப் போய், வாங்கியதும் வந்தாள். "காலையில பறந்து பறந்து பின்னுனா மத்தியானம் கை நின்னுபோகும்த்தா. இதுவும் அப்படித்தான் போல" என்றார். எங்கள் கோச் மூன்று வருடம் எனக்குத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் அது தினப்படி ஆயிற்று. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால், தெருமுனையிலேயே டி.வி.யில் கூட்டம் கத்துகிற சத்தம் கேட்கும். உள்ளே மதினி கம்ப்யூட்டர் ஆட்களைப் படுக்க வைத்துக்கொண்டிருப்பார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பத்துவரை எண்ணிக்கொண்டிருப்பாள். அடுத்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். "பாக்ஸர் அத்தை" என்று என் மகள்தான் முதலில் கூப்பிட்டாள். இரண்டே நாளில் தெரு முழுவதும் அந்தப் பெயர் பரவிவிட்டது. காய்கறி வண்டிக்காரர்கூட, "பாக்ஸரக்கா, முருங்கக்கா வேணுமா?" என்று கேட்டார்.

ஒன்பது வருடமாக நான் காத்திருந்த சொல். அதை மதினி நாலு நாளில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்கக்கூட இல்லை, தானாக மடியில் வந்து விழுந்தது. அன்றைக்கு நான் வைத்த ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்தது. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், அதில் இன்னும் கோபம் வந்தது.

என் அற்பத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ரிமோட்டில் ஒன்றின் இடது பொத்தான் சிக்கும். அதையே மதினி பக்கம் தள்ளி வைத்தேன். அதை வைத்துக்கொண்டும் ஜெயித்தார். ரொம்ப நேரம் பார்த்தால் கண் கெடும் என்று மகளுக்குச் சொல்வதுபோல மதினிக்குச் சொன்னேன். "எங்க வேலையில கெடாத கண்ணா இதுல கெடப்போகுது" என்றார். கடைசியில் ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது, ரிமோட்டுக்குச் சார்ஜ் போடுகிற வயரை உருவிச் சூட்கேஸுக்குள் திணித்துப் பூட்டினேன். சாயங்காலம் வந்தால் மதினி சும்மா உட்கார்ந்திருந்தார். "வயரக் காணம்த்தா, நீ பாத்தியா?" என்றார். நான் பாயைத் தூக்கிப் பார்த்தேன், சோபாவுக்கு அடியில் பார்த்தேன், மகளை வேறு திட்டினேன். மறுநாள் என் வீட்டுக்காரர் கடையில் புது வயர் வாங்கி வந்துவிட்டார். அவருக்கு அது காலண்டர் அடிக்கிற சீசன், வீட்டில் தலை காட்டுவதே அபூர்வம். ஆனால் அக்காவின் வயருக்கு மட்டும் நேரம் கிடைத்தது.

கம்பெனி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் டி.வி. முன்னால் இருந்தோம். வெளியே தூறல். இன்றைக்கு விட்டால் இனி ஆளைப் பிடிக்க முடியாது என்று, நானாகவே மதினியைக் கூப்பிட்டேன். நல்ல ரிமோட்டை நான் எடுத்துக்கொண்டேன். அன்று மிகவும் பொறுமையாக ஆடினேன். நாலு ரவுண்டு சமமாகப் போனது. ஐந்தாவதில் மதினியின் ஆளுக்குப் புருவம் கிழிந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. முடித்துவிடலாம் என்று பறந்தேன். மூச்சு வாங்கி என் ஆளின் கை இறங்கிய இடத்தில், கீழிருந்து ஒரு குத்து வந்தது. என் ஆள் முட்டி மடங்கி விழுந்தாள். நடுவர் எண்ணினார், என் மகளும் கூடவே எண்ணினாள். பத்து சொன்னபோது என் வீட்டுக்காரர் கை தட்டினார்.

"எங்க அக்கா பெறவி பாக்ஸர்லா" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "நான்தான் பாக்ஸர். நெசமாவே பாக்ஸிங் பண்ணவ நான்" என்றேன்.

மாமியார் என்னை வியப்பாகப் பார்த்தார். "தெரிஞ்சதுதானத்தா. பாக்ஸிங் பண்ணவன்னு சொல்லித்தான கட்டிட்டு வந்தோம். எந்தக் கம்பெனின்னுதான் உங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லல" என்றார்.

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே போய்ச் சூட்கேஸைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கையை விட்டு, நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "இந்தா பாருங்க, எங்க குடுத்ததுன்னு பாருங்க" என்று எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தேன்.

பதக்கம் வந்திருந்தது. அதன் நாடாவில் சிக்கிக்கொண்டு சார்ஜ் வயரும் வந்திருந்தது. தரைவரை தொங்கியது.

என் மகள்தான், "அம்மா, தொலஞ்சுபோன வயரு" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. மதினி கையை நீட்டி இரண்டையும் வாங்கினார். நாடாவில் விழுந்திருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நான் செய்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. வயரைச் சுருட்டி டி.வி. மேல் வைத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். கையுறை போட்ட இரண்டு உருவங்கள் அதில் இருக்கின்றன.

"பாக்ஸ் ஒட்டுனதுக்கு மெடலு குடுப்பாகளா?" என்றார் மாமியார்.

"இது அந்தப் பாக்ஸ் இல்லம்மா. ஆளு குத்துற பாக்ஸிங்" என்று மதினி சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நெசமா அடி வாங்கிருக்கியாத்தா?" என்று கேட்டார்.

"வாங்கிருக்கேன் மதினி."

"வலிக்குமா?"

"அப்ப வலிக்காது. மறுநாளுதான் தெரியும்."

அவர் தலையாட்டினார். "எங்க, ஒண்ணு அடிச்சுக் காட்டு பாப்போம். நாங்க இதுல பாக்குறதெல்லாம் பொம்மதான" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் வீம்பு விடவில்லை. சேலையை இடுப்பில் செருகினேன். இடது காலை முன்னால் வைத்தேன். ஒன்பது வருடம் கழித்து முஷ்டியைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்தபோது, உடம்பு எதையும் மறக்கவில்லை என்று தெரிந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் மூன்று குத்து விட்டேன். இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த மூச்சும் சேர்ந்து வந்தது. ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ்.

மூன்றாவதை விட்டு நான் கையை இழுப்பதற்குள் மதினி அங்கே இல்லை.

கதவு சுவரில் மோதி அதிர்ந்துகொண்டிருந்தது. ரிமோட் படியில் உருண்டு கிடந்தது. மதினி தெருவுக்கு நடுவில், தூறலில், வெறுங்காலோடு நின்றார். என் மகள் அவர் இடுப்பில் இருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை, நல்ல கனம். அவளை எப்போது தூக்கினார் என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் அமுக்கி, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினார். எங்களைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். பிள்ளையை மெதுவாக இறக்கிவிட்டார்.

"வெடி மருந்துல தீப் பிடிக்கயில இப்படித்தான் ஸ்ஸுன்னு கேக்கும்" என்றார். "ஒருக்க பக்கத்து ரூமுல கேட்டுருக்கேன்."

அந்த விபத்தைப் பற்றி அவர் எங்கள் வீட்டில் பேசியதே இல்லை. கதவோரம் உட்காருவதைக் காற்றுக்காக என்றுதான் ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் எழுந்து போய்த் துண்டால் என் மகளின் தலையைத் துவட்டினார். நான் முஷ்டியைப் பிரிக்காமல் அப்படியே நின்றேன். நான் நின்ற இடத்திலிருந்து என் பிள்ளை ஒரு எட்டு தூரம். மதினிக்கு மூன்று எட்டு. ரிங்கில் அந்தக் கால் மட்டும் எனக்கு இருந்திருந்தால் வெள்ளியோடு வந்திருக்கமாட்டேன் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. வெட்கத்தைவிட முன்னால் வந்தது பொறாமைதான்.

மறுநாள் காலையில் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். "எம் மருமக பாக்ஸராக்கும். பெட்டி ஒட்டுற பாக்ஸ் இல்ல, மெடலெல்லாம் வாங்கிருக்கா. எம் மகளையே ஒரு மூச்சுல தெருவுக்கு வெரட்டிப்புட்டா" என்றார். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள். நான் கேட்க ஆசைப்பட்ட சொல் ஒருவழியாக என் காதில் விழுந்துவிட்டது. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன், மீதி கேட்காமல் இருக்கட்டும் என்று.

அன்றைக்குக் கம்பெனி திறந்தது. வேன் வருகிற நேரத்துக்கு மதினி சாப்பாட்டுத் தூக்கோடு எங்கள் வாசலைக் கடந்து போனார். என்னைப் பார்த்ததும் நின்றார். "ரிமோட்டச் சார்ஜுல போட்டு வையித்தா, ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார்.

போட்டு வைத்தேன். சிக்காத ரிமோட்டை அவர் உட்காரும் கதவுப் பக்கம் வைத்தேன். வாசற்படியில் கிடந்த மகளின் செருப்பை எடுத்து ஓரமாகப் போட்டேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார், இப்போதும் அவர்தான் ஜெயிக்கிறார். எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. விளையாடும்போது வாயை மட்டும் இறுக்க மூடிக்கொள்கிறேன்.